ஒரு புதுமைக்கு மேல் வேண்டாம்: டவுன் சிண்ட்ரோம் ஆய்வுக்கு மானியம் கேட்பவர்களுக்கு

டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் 21 இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் பிறவி நிலை) ஆய்வுக்கு மானியம் கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களில் யோசனை மட்டமாக இருப்பது அபூர்வம். அவை விழுகிற இடம் வேறு. தேர்ந்தெடுத்த சுண்டெலி தவறு, ஒப்பிடுவதற்கான செல் சரியில்லை, எண்ணிக்கை போதாது, மனிதர்களிடம் எதை அளப்பது என்பது முடிவாகவில்லை. 'புதுமையான ஆய்வு' என்று அறிவிப்பில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தின் எல்லாப் பக்கத்திலும் புதுமையைத் தெளித்துவிடுகிறார்கள். மதிப்பீட்டாளர் தேடுவது ஒரே ஒரு புதுமை; மற்றதெல்லாம் பழையதாக, பலர் செய்து பார்த்ததாக, கணக்குக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பழைய சமாசாரங்களைப் பற்றித்தான்.

முதலில் பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பெரிய பை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.சிடம் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் உத்தரவின் பேரில் 2018இல் அது 'இன்க்ளூட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு மூன்று கிளைகள்: குரோமோசோம் 21 பற்றிய துணிச்சலான அடிப்படை ஆய்வு, ஆய்வில் பங்கேற்க எல்லா வயதினரையும் சேர்த்த பெரிய குழு, மற்ற நோய்களுக்கு நடக்கும் மருந்துச் சோதனைகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களையும் சேர்ப்பது. முதல் ஆண்டில் சுமார் 2.2 கோடி டாலர். பிறகு பல மடங்கு கூடியது. அந்த முதல் ஆண்டில் புது விண்ணப்பம் கேட்டு மதிப்பிட அவகாசம் இல்லாததால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மானியங்களுக்குத் துணைத்தொகையாகப் பணம் போனது. புற்றுநோய், இதயம், தூக்கம் என்று வேறு துறைகளில் இருந்தவர்கள் பலர் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது அப்படித்தான். துணைத்தொகை வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையில் ஒரு மானியம் இருந்தால், புதிதாக எழுத உட்காருவதற்கு முன், என்.ஐ.எச்.சில் அந்த மானியத்தைக் கவனிக்கும் உங்கள் திட்ட அலுவலரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

என்.ஐ.எச்.சுக்கு வெளியே பாரிஸில் ஜெரோம் லெஜன் அறக்கட்டளை இருக்கிறது. குரோமோசோம் 21 மூன்றாக இருப்பதை 1959இல் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயரில் இயங்குவது. (செல்களை வளர்த்துக் கூடுதல் குரோமோசோமைக் கண்ணால் கண்டவர் மார்த் கோத்தியே என்பதையும், அவர் பெயர் அந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழையோடு அச்சானது என்பதையும் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.) கொலராடோவில் லிண்டா கிர்னிக் நிறுவனம் விதைநிதி தருகிறது, அதன் பின்னால் குளோபல் டவுன் சிண்ட்ரோம் ஃபவுண்டேஷன் நிற்கிறது. லூமைண்ட் ஐ.டி.எஸ்.சி. என்ற அமைப்பு மருந்துச் சோதனை நடத்தும் மருத்துவமனைகளை ஒரு வலையமைப்பாகக் கட்டியிருக்கிறது. எம்.ஐ.டி.யில் அலானா அறக்கட்டளையின் கொடையில் 2019இல் ஒரு மையம் தொடங்கியது. தனியார் நிதி பெரும்பாலும் சிறியது, ஆனால் சீக்கிரம் வரும். என்.ஐ.எச். பணம் விண்ணப்பித்த நாளிலிருந்து கைக்கு வரக் குறைந்தது ஒன்பது மாதம் பிடிக்கும். ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டால் ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகும். அந்த இடைவெளியில் ஆய்வக உதவியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை யோசித்துத்தான் தனியார் விதைநிதியை முதலில் கேட்க வேண்டும்.

என்.ஐ.எச்.சில் ஆர்21, ஆர்01 என்ற இரண்டு வகைதான் இங்கே முக்கியம். ஆர்21 இரண்டு ஆண்டுக்கு நேரடிச் செலவாக மொத்தம் 2,75,000 டாலர். எந்த ஓர் ஆண்டிலும் 2,00,000க்கு மேல் கேட்கக் கூடாது. ஆய்வுத் திட்டம் 6 பக்கம். ஆர்01 ஐந்து ஆண்டு வரை, 12 பக்கம். ஆண்டுக்கு 2,50,000 டாலருக்குள் என்றால் வரவுசெலவை எளிய வடிவில் தரலாம். ஆண்டுக்கு 5,00,000 அல்லது அதற்கு மேல் என்றால் விண்ணப்பிக்கவே முன் அனுமதி வேண்டும். ஆர்21இல் முன்தரவு தேவையில்லை என்று விதி சொல்கிறது. விதி சொல்வதை மட்டும் நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். பக்கத்து விண்ணப்பத்தில் மூன்று படம் இருக்கும்போது படமே இல்லாத விண்ணப்பத்தை யாரும் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. கருதுகோளுக்கு ஆதாரம் காட்டத் தேவையில்லை. ஆனால் அந்தத் தொழில்நுட்பம் உங்கள் ஆய்வகத்தில், உங்கள் மாதிரியில் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு படமாவது இருக்கட்டும். இன்னொன்று: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைச் சேர்த்து நடத்தும் ஆய்வுக்கு ஆர்21இன் இரண்டு ஆண்டு பெரும்பாலும் போதாது. நெறிமுறைக் குழு அனுமதிக்கும் ஆள் சேர்ப்பதற்குமே முதல் ஆண்டு போய்விடும்.

புதுமை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இன்டர்ஃபெரான் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வைரஸ் வந்தால் உடல் அடிக்கும் அபாயமணி இன்டர்ஃபெரான். அந்த மணியைக் கேட்கும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மொத்தம் ஆறு. அதில் நான்கு குரோமோசோம் 21இல் அடுத்தடுத்து இருக்கின்றன. இன்டர்ஃபெரானுக்குச் செல் காட்டும் எதிர்வினை குரோமோசோம் 21ஓடு தொடர்புடையது என்பது 1970களிலேயே தெரியும். டவுன் சிண்ட்ரோமின் சிக்கல்களுக்கு இதுதான் காரணமோ என்று லியனார்ட் மரூன் அதற்குப் பிறகு தொடர்ந்து எழுதினார், சுண்டெலியில் சோதித்தும் பார்த்தார். துறை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு புற்றுநோய் மரபணு ஆய்விலிருந்து வந்த ஹோவாகின் எஸ்பினோசா குழு கொலராடோவில் பல வகைச் செல்களில் எல்லா மரபணுக்களின் வெளிப்பாட்டையும் அளந்து, கூடுதல் குரோமோசோம் உள்ள செல்களில் இன்டர்ஃபெரான் பாதை விடாமல் தூண்டப்பட்டிருப்பதை 2016இல் காட்டியது. யோசனை பழையது, அளவீடுதான் புதிது.

அடுத்த படியில் கேள்வி மாறியது: இந்த நான்கு மரபணுக்கள் காரணமா, கூட வருகிற விளைவா? டவுன் சிண்ட்ரோம் மாதிரியாகப் பயன்படும் டிபி16 வகைச் சுண்டெலியில், மற்ற மரபணுக்கள் எல்லாம் மூன்றாகவே இருக்க, இந்த ஏற்பித் தொகுதியை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு இரண்டாகக் குறைத்தார்கள். இதயக் குறைபாடு, கருவளர்ச்சிக் கோளாறு, கற்றல் குறைபாடு ஆகியவற்றில் ஒரு பகுதி சீரானது. 2023இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் வந்த இந்த வேலையில் சுண்டெலி பழையது, சோதனைகள் பழையவை; புதிது அந்த ஒரே ஒரு வெட்டு. மூன்றாவது படி மனிதர்கள். அங்கே புது மருந்து தேடவில்லை. இன்டர்ஃபெரானின் சமிக்ஞையைச் செல்லுக்குள் தடுக்கும், முடக்குவாதத்துக்கு 2012இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபாசிடினிப் என்ற மருந்தை எடுத்தார்கள். புத்திக்கூர்மை கூடுமா என்று முதல் கேள்வி கேட்கவில்லை. முடி உதிரும் அலோபீசியா, சொரியாசிஸ் போன்ற தன்னெதிர்ப்புத் தோல் நோய் உள்ளவர்களைச் சேர்த்து, பாதுகாப்பானதா, இரத்தத்தில் இன்டர்ஃபெரான் மதிப்பெண் (இன்டர்ஃபெரான் தூண்டும் மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கூட்டிப் பெறும் எண்) இறங்குகிறதா என்று பார்த்தார்கள். முடி முளைப்பதைப் படம் எடுக்கலாம், மதிப்பெண்ணை எண்ணலாம்.

இதற்கு நேர்மாறான விண்ணப்பமும் அடிக்கடி வருவதுதான். புதிதாக உருவாக்கப் போகும் சுண்டெலி, அதில் இதுவரை யாரும் கொடுக்காத மருந்து, அதை அளக்கப் புதிய கருவி. மூன்றும் பலிக்க ஆளுக்குப் பாதி வாய்ப்பு என்று தாராளமாக வைத்தாலும் மொத்தமாகப் பலிக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மதிப்பீட்டாளர் இந்தப் பெருக்கலைத் தாளில் போடுவதில்லை, மதிப்பெண்ணில் போட்டுவிடுகிறார்.

சுண்டெலிக்கு வருவோம். பணம் அதிகம் வீணாகும் இடம் இதுதான்.

மனிதனின் குரோமோசோம் 21இல் உள்ள மரபணுக்களுக்கு நிகரானவை சுண்டெலியில் 16, 17, 10 என்ற மூன்று குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் எந்த ஒரு மாதிரியும் முழுமையில்லை. பல ஆண்டுகளாக எல்லோரும் பயன்படுத்தியது ஜாக்ஸன் ஆய்வகத்தில் மூரியல் டேவிசன் உருவாக்கிய டிஎஸ்65டிஎன். இதில் கூடுதலாக ஒரு குட்டிக் குரோமோசோம் இருக்கும். அதில் 16இன் ஒரு பகுதியோடு 17இன் ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 17ஆம் துண்டில் இருக்கும் பல பத்து மரபணுக்களுக்கும் மனிதனின் குரோமோசோம் 21க்கும் சம்பந்தமே இல்லை. அந்த மாதிரியில் ஒரு மருந்து வேலை செய்தால், எந்தப் பகுதி காரணம் என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தத் துண்டு நீக்கிய டிஎஸ்66யா என்ற திருத்திய மாதிரி 2022இல் வந்துவிட்டது. மனிதக் குரோமோசோம் 21இன் நீண்ட கையை ஏறக்குறைய முழுதாகச் சுமக்கும் டிசிமேக்21 என்ற சுண்டெலி 2020இல் வந்தது. இவை இருக்கும்போது டிஎஸ்65டிஎன்னையே எடுத்தால் ஏன் என்று இரண்டு வரி எழுதியாக வேண்டும். 'இதில்தான் பழைய தரவு அதிகம்' என்பது ஏற்கத்தக்க காரணமே. ஆனால் எழுதாமல் விட்டால் உங்களுக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

டிஎஸ்65டிஎன்னில் ஆண்கள் பெரும்பாலும் மலடு. கூடுதல் குரோமோசோமைத் தாய்தான் கடத்த வேண்டும். பாதிக் குட்டிகளுக்குப் போகும் என்று பாடப்புத்தகக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். பால் மறக்கும் வயதில் எண்ணினால் மூன்றில் ஒன்று, கொஞ்சம் கூடப் போகலாம். ஒரு கணக்குப் பாருங்கள். மருந்து, வெறும் கரைசல் என இரண்டு குழு; ஒவ்வொன்றிலும் கூடுதல் குரோமோசோம் உள்ள ஆண் 17. ஏன் 17? இரு குழுக்களின் சராசரிக்கு நடுவே ஒரு திட்டவிலக்கம் அளவு வேறுபாடு இருந்தால் அதை 80 விழுக்காடு வாய்ப்போடு பிடிக்க அந்த எண்ணிக்கை வேண்டும். ஆக 34 ஆண்கள். குட்டிகளில் 35 விழுக்காட்டுக்குக் கூடுதல் குரோமோசோம், அதில் பாதி ஆண் என்றால், 34 கிடைக்க சுமார் 195 குட்டிகள் பால் மறக்க வேண்டும். ஈற்றுக்கு ஐந்து குட்டி தேறினால் 39 ஈற்று. எல்லாமே ஏறக்குறைய ஒரே வயதில் வேண்டும் என்பதால் இந்த ஈற்றுகளை ஆண்டு முழுக்கப் பரப்பவும் முடியாது. இப்போது வரவுசெலவுத் தாளைத் திறந்து, கூண்டு வாடகை என்று எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சோதனையில் இருக்கும் விலங்குகளுக்கு மட்டும் போட்டிருப்பீர்கள். இனப்பெருக்கக் கூண்டுகளும், பயன்படாத 160 குட்டிகளும், எதற்குக் கூடுதல் குரோமோசோம் என்று ஒவ்வொன்றிலும் பார்க்கும் பி.சி.ஆர். சோதனைச் செலவும் விட்டுப்போயிருக்கும். ஆண் பெண் இரண்டையும் சோதிக்க வேண்டும் என்பது என்.ஐ.எச்.சின் எதிர்பார்ப்பு. அப்படிச் செய்தால் பெண் குட்டிகளும் பயன்படும். ஆனால் பாலினவாரியாகத் தனித்தனி முடிவு சொல்லப்போகிறீர்களா, சேர்த்துப் பார்க்கப்போகிறீர்களா என்பதை முன்பே எழுதிவிட வேண்டும்.

இதில் இரண்டு மறைகுழிகள் உண்டு. டிஎஸ்65டிஎன்னின் பழைய வழித்தோன்றலில் விழித்திரையை அழிக்கும் ஒரு மரபணு மாற்றம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது இரண்டு பிரதியும் சேர்ந்த குட்டிக்குக் கண் தெரியாது. கண் தெரியாத சுண்டெலியைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, மேடையைத் தேடக் கற்றுக்கொள்ளவில்லை, நினைவாற்றல் குறைவு என்று எழுதுவது எத்தனை அபத்தம்! அந்த மாற்றம் இல்லாத இருப்பு (விற்பனைக்கு வளர்க்கும் சுண்டெலி வரிசை, 'ஸ்டாக்') தனியாகக் கிடைக்கிறது. எந்த இருப்பு எண் என்பதை விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். இரண்டாவது, தலைமுறை போகப் போக இந்த மாதிரியின் மூளைக் குறைபாடுகள் மங்குவதாகவும், இருப்புக்கு இருப்பு மாறுவதாகவும் 2020இல் விரிவான அளவீட்டோடு வெளியானது. ஆகவே பத்தாண்டுக்கு முந்தைய கட்டுரையின் வேறுபாட்டை வைத்து எண்ணிக்கை கணக்கிடாதீர்கள். இன்று உங்கள் கூண்டில் இருக்கும் விலங்குகளில் எட்டுப் பத்தையாவது அளந்து அந்த எண்ணை வையுங்கள்.

டிபி16 வளர்ப்பது சற்று எளிது: மொத்தக் குரோமோசோம் எண்ணிக்கை மாறாது, ஆண் வழியாகவும் கடத்தலாம். இதயக் கோளாறால் பிறந்ததும் சில குட்டிகள் போய்விடும் என்பதைக் கணக்கில் வைத்தால் போதும்.

செல்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இதே சிக்கல் வேறு உருவில் வரும். கூடுதல் குரோமோசோம் என்றால் அதிலுள்ள மரபணு சராசரியாக ஒன்றரை மடங்கு வெளிப்படும். ஒன்றரை மடங்கு என்பது ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் வேறுபாட்டில் காணாமல் போகக்கூடிய அளவு. டவுன் சிண்ட்ரோம் உள்ள மூன்று பேரிடமிருந்து செல், இல்லாத மூன்று பேரிடமிருந்து செல் என்று எடுத்து ஒப்பிட்டால், நீங்கள் காண்பது குரோமோசோம் 21ஆ, அந்த ஆறு பேரின் குடும்ப வேறுபாடா என்று சொல்ல முடியாது. இதற்குத் தீர்வு ஒன்றுதான்: ஒரே ஆளின் தண்டுச்செல்லிலிருந்து வந்த இரட்டை, ஒன்றில் மூன்று பிரதி, மற்றதில் இரண்டு. மூன்று பிரதிச் செல்களை வளர்க்கும்போது சில தாமாகவே ஒன்றை இழந்துவிடும். அப்படித்தான் பல இரட்டைகள் கிடைத்தன. அதே குணம்தான் பிறகு உங்களுக்கே எமனாக வரும். ஆறு மாதம் வளர்த்த மூன்று பிரதிச் செல்லில் பாதி இரண்டு பிரதியாகிவிட்டிருக்கும், நீங்களோ மருந்து குணப்படுத்திவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். ஏறக்குறைய பத்து முறை செல்லைப் பிரித்து வளர்த்ததும் ஒரு குரோமோசோம் பரிசோதனை என்று அட்டவணை போட்டு, அதன் செலவையும் வரவுசெலவில் காட்டுங்கள். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்த இரட்டைகள் வேண்டும். ஒரே இரட்டையில் ஐம்பது முறை செய்தாலும் அது ஓர் ஆளைப் பற்றிய ஆய்வுதான்.

மனிதர்களைச் சேர்க்கும் ஆய்வில் எல்லாமே அளவுகோலைச் சுற்றித்தான் சுழல்கிறது. ரோஷ் நிறுவனத்தின் 'பாஸ்மிசானில்' என்ற மருந்தின் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்65டிஎன் மூளையில் நரம்புகளை அடக்கும் சமிக்ஞை மிகுதி, அதைக் குறைத்தால் கற்றல் மேம்படுகிறது என்று சுண்டெலியில் அழகான தரவு. 12 முதல் 30 வயது வரையிலானவர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனை நடந்தது. பயன் தெரியவில்லை, 2016இல் நிறுத்தினார்கள். அதே ஆண்டு பார்சிலோனாவில் மாரா டியர்சன், ரஃபேல் தெ லா தோரே குழு, பச்சைத் தேயிலையில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருளை 87 பேரிடம் ஓராண்டு சோதித்த முடிவை வெளியிட்டது. காட்சி நினைவிலும், அவசரத் தூண்டலை அடக்கிக்கொள்ளும் திறனிலும் முன்னேற்றம். 15 சோதனைகளில் 13இல் வேறுபாடு இல்லை. இரண்டையும் படித்த மதிப்பீட்டாளர் உங்களிடம் கேட்கப்போவது இதைத்தான்: உங்கள் முதன்மை அளவுகோல் எது, ஏன் அது ஒன்று மட்டும்?

பொதுவான நுண்ணறிவுச் சோதனைகளில் பலர் அடிமட்ட மதிப்பெண்ணிலேயே நின்றுவிடுவார்கள். மருந்து கொஞ்சம் உதவினாலும் மதிப்பெண் நகராது. இன்னொரு பக்கம், ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்யும்போது பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும். மருந்து தொடங்கும் முன்னரே இரண்டு முறை அளந்து, இரண்டாவதை அடிப்படையாக வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கும். காதும் முக்கியம். நடுச்செவியில் நீர் கோத்துக் கேட்காமல் இருப்பவரிடம் சொற்களைச் சொல்லி நினைவைச் சோதித்துப் பயனில்லை. செவித்திறன், தைராய்டு, இரவில் மூச்சடைப்பு மூன்றையும் சேர்க்கும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். மூன்றுமே இவர்களிடம் மிகச் சாதாரணம், மூன்றுமே நினைவையும் கவனத்தையும் கெடுக்கும். நடுவழியில் ஒருவருக்குத் தைராய்டு மாத்திரை தொடங்கினால் அவர் மதிப்பெண் ஏறுவது உங்கள் மருந்தாலா, அந்த மாத்திரையாலா?

மூச்சடைப்பு என்றதும் நினைவுக்கு வருவது ஒரு நல்ல மாதிரி ஆய்வு. நாக்கின் நரம்பைத் தூண்டி மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் கருவி ஏற்கெனவே பெரியவர்களுக்கு இருந்தது. அதை டவுன் சிண்ட்ரோம் உள்ள 42 பதின்வயதினருக்குப் பொருத்தி, இரவில் மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணினார்கள். 2022இல் முடிவு வந்தது. 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த வயதினருக்கு அனுமதி தந்தது. கருவி பழையது, எண்ணிக்கை முறை பழையது, ஆட்கள் மட்டும் புதிது. இன்க்ளூட்டின் மூன்றாம் கிளை கேட்பதும் இப்படிப்பட்ட வேலையைத்தான்.

அல்சைமர் பக்கம் இப்போது பணம் அதிகம் ஓடுகிறது, அதற்குக் காரணமும் உண்டு. அல்சைமர் மறதிநோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தின் மூல மரபணுவான ஏ.பி.பி. குரோமோசோம் 21இல்தான் இருக்கிறது. 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அல்சைமர் படிவுகள் வந்துவிடுகின்றன. மறதிநோய் அறிகுறி சராசரியாக 50களின் நடுவில் தொடங்குகிறது. ஏ.பி.பி. மட்டும் மூன்றாகாத அரிய குரோமோசோம் மாற்றத்தோடு 78 வயது வரை மறதிநோய் இல்லாமல் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி 1998இல் வந்த அறிக்கையை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இந்த ஆய்வுகளில் விட்டுப்போகும் செலவு எது என்று கேட்டால், கூட வருகிறவர். ஒவ்வொரு முறையும் உடன் வந்து அன்றாட மாற்றங்களைச் சொல்ல ஒருவர் வேண்டும். 50 வயது ஆளின் தாய்க்கு 80 வயதிருக்கும். ஐந்தாண்டு ஆய்வில் அவர் தளர்ந்துபோகலாம், இறந்துபோகலாம்; விடுதியில் இருந்தால் பராமரிப்பாளர் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார். ஆகவே ஒருவருக்கு இரண்டு தகவலாளர் என்று தொடக்கத்திலேயே பதிவு செய்யுங்கள். கூட வருகிறவருக்கும் பயணப்படி, நாள்கூலி இழப்பு ஈட்டுத்தொகை போடுங்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் போலி இயந்திரத்தில் படுத்துப் பழக ஒரு தனி வருகை வேண்டும். அதைச் சேர்க்காத திட்டத்தில் படம் தேறாமல் வீணாகும் பங்கு எவ்வளவு என்பதை மதிப்பீட்டாளர் தன் அனுபவத்திலிருந்தே அறிவார். மயக்க மருந்து கொடுத்து எடுப்போம் என்று ஒற்றை வரியில் எழுதிவிடாதீர்கள். கழுத்து எலும்பின் நிலைத்தன்மை, இதயம், மூச்சுப்பாதை என்று அதற்கே ஒரு பாதுகாப்புத் திட்டம் தேவைப்படும். அமிலாய்டை நீக்கும் மருந்து என்றால் மூளை இரத்தக் குழாய்ச் சுவரில் அமிலாய்டு படிந்திருப்பதும் அதனால் கசிவு வரும் அபாயமும் முதல் கேள்வி.

ஒப்புதல் படிவத்தில் சட்டப் பாதுகாவலர் கையெழுத்தோடு நிற்காதீர்கள். படம் போட்டு, சின்ன வாக்கியத்தில், சம்பந்தப்பட்டவரே கேட்டுச் சம்மதிக்கும் தனிப் படிவம் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் பாதுகாவலர் சம்மதித்தாலும் ஊசி போடுவதில்லை என்பதையும் எழுத வேண்டும். தரவைப் பகிரும் ஒப்புதலும் அதே படிவத்தில் இருக்கட்டும். 2023 ஜனவரியிலிருந்து என்.ஐ.எச். தரவுப் பகிர்வுத் திட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. இன்க்ளூட் ஆய்வென்றால் பொதுத் தரவு மையத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய மாதிரிகளை வைத்து ஆய்வு செய்யப் போகிறவர்கள் அந்தக் காலத்து ஒப்புதல் படிவம் பகிர்வை அனுமதிக்கிறதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பணம் வந்த பிறகு 200 குடும்பங்களைத் தேடித் திரும்பக் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமில்லை.

இனி அந்த ஒரு பக்கம். 'குறிப்பான நோக்கங்கள்' என்ற முதல் பக்கத்தைப் படித்தே மதிப்பீட்டாளர் பாதி முடிவுக்கு வந்துவிடுகிறார். 'டவுன் சிண்ட்ரோமில் உறக்கத்துக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோம்' என்று எழுதினால் அதில் மறுக்கவும் ஒன்றுமில்லை, நம்பவும் ஒன்றுமில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: '25 முதல் 40 வயது வரை உள்ளவர்களில், மிதமானது முதல் கடுமையானது வரை மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பி-டாவ்217 ஆண்டுதோறும் ஏறும் வேகம், மூச்சடைப்பு இல்லாதவர்களைவிட அதிகமா? அதிகமானால், இரவுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் சிபாப் முகமூடி அணிபவர்களிடம் அந்த வேகம் தணிகிறதா?' (பி-டாவ்217 அல்சைமரைக் காட்டும் இரத்தப் புரதம்; சிபாப் காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி.) வயது, அளவு, காலம், ஒப்பீடு, தவறு என்று நிரூபிக்கும் வழி எல்லாம் இரண்டு கேள்வியில் வந்துவிட்டன. பலவீனமும் அங்கேயே தெரிகிறது: முகமூடியைத் தாங்கிக்கொள்கிறவர்கள் ஏற்கெனவே மற்றவர்களிலிருந்து மாறுபட்டவர்களாக இருக்கலாம். அதை நீங்களே சொல்லி, எப்படிக் கையாள்வீர்கள் என்று அடுத்த வரியில் எழுதினால் மதிப்பீட்டாளருக்கு எழுத வேறு குறை தேட வேண்டியிருக்கும். இரண்டாம் நோக்கம் முதல் நோக்கத்தின் வெற்றியை நம்பி நிற்கக் கூடாது என்பது பொதுவிதி. இந்த உதாரணமே அந்த விதியை மீறுகிறது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தால் இரண்டாவது அர்த்தமிழந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் 'அதிகமானால்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, சிபாப் கேள்வியைத் தனியாக, நினைவாற்றலை அளவுகோலாக வைத்து எழுதினால் இரண்டும் தன் காலில் நிற்கும்.

இந்தியாவிலிருந்து கூட்டாகச் சேர விரும்புகிறவர்களுக்கு அறிவியலைவிடக் காகிதம்தான் தாமதம். அமெரிக்க அரசின் பதிவுகள், என்.ஐ.எச். கணக்கு எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வெளிநாட்டுக் கூட்டு மருத்துவ ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி வேண்டும். தன்னார்வ நிறுவனம் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.யின் கீழ்ப் பதிவும், பணம் வந்து சேர டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கும் வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்தின்படி, வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துத் தர முடியாது, நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே சென்னையில் ஒரு சங்கம் பணம் வாங்கி வேலூரில் ஓர் ஆய்வகத்துக்குக் கொடுக்கும் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். போதாக்குறைக்கு 2025 மே மாதத்தில் என்.ஐ.எச். தன் வெளிநாட்டுத் துணைமானிய முறையை (மானியம் பெற்றவர் அதில் ஒரு பங்கை வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பிரித்துத் தருவது) மாற்றுவதாக அறிவித்தது. அமெரிக்கக் கூட்டாளி பழைய ஞாபகத்தில் வாக்குக் கொடுத்தால், அறிவிப்பை எடுத்துக் காட்டித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல்முறை திரும்பி வரும். பாதியளவு குழுவில் விவாதத்துக்கே எடுக்கப்படாது; அப்போதும் மூன்று பேரின் எழுத்து விமர்சனம் கிடைக்கும். மதிப்பெண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோவதைவிட, மூன்று பேரும் ஒரே குறையைச் சொன்னார்களா என்று பாருங்கள். மூவரும் சுண்டெலியைக் குறை சொன்னால் சுண்டெலியை மாற்றுங்கள், பதில் வாதம் வேண்டாம். ஒருவர் மட்டும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தப் பத்தியைத் திருப்பி எழுதுங்கள். அவர் புரிந்துகொள்ளவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். திருத்திய விண்ணப்பத்தை 37 மாதத்துக்குள் தரலாம், என்ன மாற்றினீர்கள் என்று சொல்ல ஒரு பக்கம் கிடைக்கும். அதுவும் போகவில்லை என்றால் அதே யோசனையைப் புது விண்ணப்பமாகத் தரலாம். அதில் பழைய விமர்சனத்தைப் பற்றி ஒரு சொல்கூட வரக் கூடாது. வந்தால் படிக்காமலே திருப்பிவிடுவார்கள்.